வராக நதியின் நீர்க்கணக்கு

செஞ்சி மலைப்பகுதியில் தொடங்கும் வராக நதிக்குச் சங்கராபரணி, செஞ்சி ஆறு என்ற பெயர்களும் உண்டு. திண்டிவனத்துக்குத் தெற்கே, தொண்டி ஆறு அதனுடன் கூடும் இடத்தில் 1950களின் இறுதியில் வீடூர் அணை கட்டப்பட்டது. அங்கிருந்து புதுச்சேரி வழியாகச் சென்று ஆறு வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, வடகிழக்குப் பருவமழையில் மட்டும் பெருகும் ஆறு இது. ஓடாத ஆற்றை அளக்க வழியில்லை. ஆகவே இத்தகைய வடிநிலத்தின் நீர்க்கணக்கு மழையிலிருந்து தொடங்குகிறது.

கணக்கின் எல்லை மாவட்டமோ வட்டமோ அல்ல, வடிநிலம்தான். ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் விழும் மழை ஒரு ஆற்றுக்கும், அந்தப் பக்கம் விழுவது வேறொன்றுக்கும் போகிறது. தமிழகம் 17 பெரு வடிநிலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. வராக நதி வடிநிலம் அவற்றில் ஒன்று.

மழையும் வரத்தும்

மழைமானி காட்டுவது அது நிற்கும் இடத்தின் மழையை மட்டுமே. ஒவ்வொரு மானிக்கும் சுற்றிலும் எவ்வளவு பரப்பு சேரும் என்று வரைபடத்தில் பலகோணங்கள் போட்டுப் பிரித்து, பரப்புக்கு ஏற்றபடி சராசரி காண்பது தீசன் முறை. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1,000 கன மீட்டர் நீர். இப்பகுதியின் ஆண்டு மழை சுமார் 1,000 மி.மீ. என்பதால், 100 சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்கு 10 கோடி கன மீட்டர் நீர் விழுகிறது.

அதில் பெரும்பங்கு மண்ணிலிருந்தும் பயிர்களிலிருந்தும் ஆவியாகிவிடும். எஞ்சியதில் ஓடிவருவது எவ்வளவு என்பதை மண், சரிவு, நிலப் பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். பம்பாய் மாகாணப் பொறியாளர் ஸ்ட்ரேஞ்ச் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்த அட்டவணை ஏரி, அணைக் கணக்குகளில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. மழை கூடக்கூட ஓடிவரும் விழுக்காடும் கூடும் என்பது அதன் அடிப்படை. காய்ந்த நிலம் முதல் மழையை உறிஞ்சிக்கொள்ளும். நனைந்த நிலமோ அடுத்த மழையை ஓடவிடும்.

சராசரியை மட்டும் நம்பினால் இங்கே கணக்கு தவறிவிடும். 2024 டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலால் இப்பகுதியிலுள்ள மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. ஓர் ஆண்டு மழையில் பாதி அது. அதே மழை 100 சதுர கிலோமீட்டரில் விழுந்தால் 5 கோடி கன மீட்டர். வீடூர் அணையின் முழுக் கொள்ளளவான 60.5 கோடி கன அடி, அதாவது சுமார் 1.7 கோடி கன மீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்குதான். இப்படி வரும் வெள்ளம் ஆண்டுச் சராசரியை உயர்த்துமே தவிர, பெரும்பகுதி கடலுக்குப் போய்விடுகிறது.

ஆகவே பாசனத் திட்டங்களுக்கு 75 விழுக்காடு நம்பகமான வரத்தையே அடிப்படையாகக் கொள்கிறார்கள். 39 ஆண்டு வரத்துகளை இறங்கு வரிசையில் அடுக்கினால் 30ஆவது இடத்தில் நிற்பது அந்த அளவு. நான்கு ஆண்டுகளில் மூன்றில் அதற்குக் குறையாமல் நீர் வரும் என்பது பொருள்.

நிலத்தடி

நிலத்தடி நீரின் வரவைப் பாறையே தீர்மானிக்கிறது. மழையில் எத்தனை விழுக்காடு நிலத்துக்குள் இறங்கும் என்பதற்கு மத்திய அரசின் மதிப்பீட்டுக் குழு அளவுகள் வகுத்துள்ளது: சார்னோகைட் பாறையில் 5, சிதைந்த கிரானைட், நைஸ் பாறைகளில் களிமண்ணின் அளவைப் பொறுத்து 8 முதல் 11, மணற்கல்லில் 12. செஞ்சி, திண்டிவனம் பக்கம் கடினப் பாறை. வானூர் பக்கம் மணற்கல். ஒரே மழை பெய்தாலும் இரு ஊர்க் கிணறுகளின் வரவு ஒன்றாக இருக்காது. ஏரியில் நீர் நிற்கும் நாள்களில் நாளொன்றுக்கு 1.4 மி.மீ. கசிவும் இந்த வரவில் சேரும்.

தமிழகத்தில் குறுவட்டம் வாரியாக இம்மதிப்பீடு நடந்துவந்துள்ளது. எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி. 90 வரை ஓரளவு அபாயம். 100 வரை அபாயம். அதற்கு மேல் மிகை உறிஞ்சல். கடலோரத்தில் மிகையாக இறைத்தால் உப்புநீரும் உள்ளே புகும்.

தேவை

குடிநீர்த் தேவையைக் கணிப்பது எளிது. 2011 கணக்கெடுப்பின்படி திண்டிவனம் நகரின் மக்கள்தொகை 72,796. ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்றால் ஆண்டுக்குச் சுமார் 36 லட்சம் கன மீட்டர். மழையையும் சேர்த்து ஒரு போக நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. நீர் வேண்டும், எனவே நகரின் ஓராண்டுக் குடிநீர் 300 ஹெக்டேர் நெல்லின் தேவைக்குச் சமம். தேவைப் பட்டியலின் எடை முழுவதும் பயிரில்தான் இருக்கிறது. கரும்புக்குச் சுமார் 2,000 மி.மீ. வேண்டும், மணிலாவுக்கு (நிலக்கடலைக்கு) சுமார் 500 போதும்.

வீடூர் அணையின் பாசனப் பரப்பான ஆயக்கட்டு 3,200 ஏக்கர். 2,200 தமிழகத்தில், 1,000 புதுச்சேரியில். நிரம்பிய அணையின் நீரை அதில் பரப்பினால் சுமார் 1.3 மீட்டர் நிற்கும். அணையில் ஆவியாவதையும் வாய்க்காலில் கசிவதையும் கழித்தால், ஒரு போக நெல்லுக்கு அது இழுபறி, மணிலாவுக்குத் தாராளம்.

நிகரக் கணக்கு

வரவையும் தேவையையும் நேர்நிறுத்தும்போது ஒரே நீரை இருமுறை எண்ணிவிடும் ஆபத்து உண்டு. நெல் வயலுக்குப் பாயும் நீரில், நீர்மட்டத்தின் ஆழத்தைப் பொறுத்து, 20 முதல் 50 விழுக்காடு திரும்ப நிலத்தடிக்கே போகிறது. அதை வாய்க்கால் நீராகவும் கிணற்று நீராகவும் எழுதினால் இல்லாத நீர் கணக்கில் ஏறும். வாய்க்காலுக்குக் காரை பூசினால் கசிவு குறைந்து மிச்சமாகும் நீரில் ஒரு பகுதி, பக்கத்துக் கிணறுகள் இழந்த நீர்தான்.

ஆண்டுக் கணக்கோடு நிற்காமல் மாதக் கணக்கும் போடவேண்டும். நவம்பரில் மிகையாக இருக்கும் நீர் மே மாதத்தில் இருக்காது. இடைவெளியை நிரப்பும் திறன் அணை, ஏரி, நிலத்தடி ஆகிய மூன்றுக்கும் எவ்வளவு உண்டோ அவ்வளவுதான் உண்மையான வரவு. வடகிழக்குப் பருவம் முடிந்ததும் அந்த மூன்றின் இருப்பையும் அளந்து, குடிநீரை முதலில் ஒதுக்கி, மீதியை மாதவாரித் தேவையோடு வைத்துப் பார்த்தால், அந்த ஆண்டு எத்தனை ஏக்கருக்கு நெல், எத்தனைக்கு மணிலா என்பதை விதைப்புக்கு முன்பே சொல்லிவிடலாம்.