புயல் காலத்தில் படகை எங்கே கரையேற்றுவது? வண்டூரிலிருந்து ஒரு கணக்கு

அந்தமானுக்கு டூர் போனவர்களுக்கு வண்டூர் படகுத்துறை நினைவிருக்கும். போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) காரில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு இதுதான் வாசல். நவம்பர் முதல் மே வரை போனால் ஜாலி பாய் தீவுக்கு டிக்கெட் கிடைக்கும். மற்ற மாதங்களில் ரெட் ஸ்கின் தீவு. பவளப்பாறைகளுக்கு ஓய்வு கொடுப்பது ஒரு காரணம். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிப்பது இன்னொரு காரணம்.

நமக்கு இது 'எந்தத் தீவு' என்ற கேள்வியோடு முடிந்துவிடும். அங்கே படகு வைத்திருப்பவர்களுக்கு அப்படி இல்லை. டைவிங் படகோ, உள்ளூரில் 'டுங்கி' என்று சொல்லும் சின்ன மீன்பிடிப் படகோ, தாய்லாந்திலிருந்து வந்து நங்கூரமிட்டிருக்கும் பாய்மரப் படகோ, எல்லோருக்கும் ஒரே கவலைதான். புயல் வரும் மாதங்களில் படகு எங்கே இருக்க வேண்டும்? கடலில் கட்டி வைப்பதா, கரையில் ஏற்றுவதா, இல்லை வேறு ஊருக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவதா?

வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் வளைகுடாவைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், எவ்வளவு நேரம் கிடைக்கும் என்ற இரண்டையும்தான்.

24 மணி நேரம்தான்

முதலில் நேரத்தைப் பார்ப்போம். வங்கக் கடலில் புயலுக்கு இரண்டு சீசன். ஒன்று ஏப்ரல் முதல் ஜூன் வரை, குறிப்பாக மே. மற்றொன்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டாவதுதான் பெரியது. நம்ம ஊருக்கு வரும் பல புயல்களுக்கு அந்தமான் கடல்தான் பிறந்த வீடு.

2013 அக்டோபரில் ஃபைலின், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக மாயாபந்தர் அருகே தீவுகளைக் கடந்தது. அதே ஆண்டு நவம்பர் 25 அதிகாலையில் லெஹர், போர்ட் பிளேர் அருகே கடந்தது. 2014 அக்டோபர் 8 காலையில் ஹுத்ஹுத், லாங் ஐலண்ட் அருகே கடந்தது. இதே ஹுத்ஹுத் நான்கு நாள் கழித்து விசாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

இதில் அந்தமானுக்கு நல்லது, கெட்டது இரண்டும் உண்டு. புயல் இங்கே கைக்குழந்தையாக இருக்கும்போதே கடந்துவிடுகிறது, அதனால் காற்றின் வேகம் பெரும்பாலும் குறைவு. ஆனால் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. ஹுத்ஹுத் தாழ்வு மண்டலமாக உருவானது அக்டோபர் 7 காலை. மறுநாள் காலை அது தீவுகளின் மேல். விசாகப்பட்டினத்துக்கு ஐந்து நாள் அவகாசம் இருந்தது, அந்தமானுக்கு ஒரே நாள்.

'புயல் வருதுன்னா அப்போ பார்த்துக்கலாம்' என்பது சென்னையில் ஓரளவுக்கு எடுபடும். அந்தமானில் எடுபடாது. அங்கே படகுக்கான இடத்தைச் சீசன் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

சீசனும் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. 2019 ஜனவரியில் பபுக் புயல் தாய்லாந்து வளைகுடாவிலிருந்து நிலத்தைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் நுழைந்தது. வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் 'பாதுகாப்பான மாதம்' என்று நம்பி அந்தமானுக்கு வரும் நேரம் அது.

5-ஆம் எண் கூண்டும் 6-ஆம் எண் கூண்டும்

இப்போது காற்று. நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. துறைமுகத்தில் 5-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டைவிட 6-ஆம் எண் ஒரு படி ஆபத்தானது, 7 அதைவிட ஆபத்தானது என்று டிவி பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் இந்த மூன்றும் ஒரே அளவு அபாயத்தைக் குறிப்பவை. 5 என்றால் புயல் தன் பாதையின் இடப்பக்கம் துறைமுகத்தை விட்டுவிட்டுப் போகும். 6 என்றால் துறைமுகம் வலப்பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். கடும் புயலுக்கு 8, 9, 10 என இதே வரிசை திரும்ப வரும்.

இடம், வலம் எதற்கு? நம் அரைக்கோளத்தில் புயல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து வரும் புயலுக்கு முன்னால் நிற்பவருக்கு முதலில் வாடை அடிக்கும், அதாவது வடக்குக் காற்று. புயல் அவருக்கு வடக்கே கடந்தால் காற்று மேற்காகத் திரும்பும். நம் மீனவர்கள் மொழியில் கச்சான். தெற்கே கடந்தால் கிழக்காகத் திரும்பிக் கொண்டலாக அடிக்கும். இரண்டு வழியிலும் கடைசியில் தெற்கிலிருந்து சோழகம். ஒரே புயல், சில மணி நேரத்தில் காற்று அரைவட்டம் போட்டுவிடுகிறது.

மேற்கு நோக்கி நகரும் புயலுக்கு வலப்பக்கம் வடக்கு. அந்தப் பக்கத்தில் புயலின் நகர்வு வேகமும் காற்றோடு சேர்ந்துகொள்வதால் வீரியம் அதிகம். இடப்பக்கம் சற்று மெலிவு. பாடப்புத்தகம் இதோடு நிறுத்திவிடும். வண்டூரில் இன்னொரு படி யோசிக்க வேண்டும்.

வண்டூர் தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஹுத்ஹுத் போல லாங் ஐலண்ட் வழியாக, அதாவது வண்டூருக்கு வடக்கே ஒரு புயல் கடந்தால் வண்டூர் அதன் இடப்பக்கம், 'மெலிந்த' பக்கம். ஆனால் அந்தப் பக்கத்தில்தான் கச்சான் அடிக்கும். திறந்த வங்கக் கடலிலிருந்து நேராகக் கரையை நோக்கி வரும் காற்று அது. ஹேவ்லாக்கின் கிழக்குக் கடற்கரைக்கு இதே கணக்கு தலைகீழ். புயல் தெற்கே கடந்து கொண்டல் அடித்தால் அவர்களுக்குத்தான் பிரச்சினை. அதனால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றுக்கு மறைவாக இருந்த கிழக்குப் பக்க வளைகுடா, நவம்பரில் பொறியாகவும் மாறலாம்.

சதுப்புநிலம் காப்பாற்றுமா?

உலகம் முழுக்க மாலுமிகள் புயலுக்கு ஒதுங்கும் பழைய இடம் அலையாத்திக் காடு. வளைந்து போகும் ஓடைக்குள் படகை நுழைத்து, நான்கு பக்கமும் மரங்களில் கயிறு கட்டிவிடுவார்கள். காற்று எப்படித் திரும்பினாலும் அலை எழும்ப இடம் கிடையாது.

அந்தமானில் இதற்கு ஒரு விநோதமான சாட்சி உண்டு. 1844 நவம்பரில் சிட்னியிலிருந்து ஒன்று, இங்கிலாந்திலிருந்து ஒன்று என பிரிட்டன், ரன்னிமீட் என்ற இரண்டு கப்பல்கள் படைவீரர்களோடு கல்கத்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. புயல் இரண்டையும் ஒரே இரவில் தூக்கி, பவளப்பாறைகளைத் தாண்டி, ஹேவ்லாக் அருகே உள்ள ஜான் லாரன்ஸ் தீவின் அலையாத்திக் காட்டுக்குள் வைத்துவிட்டது. பொழுது விடிந்த பிறகுதான் பக்கத்தில் இன்னொரு கப்பல் கிடப்பதே அவர்களுக்குத் தெரிந்தது. கப்பல்கள் போயின. உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள்.

இன்று வண்டூர்க்காரர் இதைச் செய்ய முடியுமா? சுலபமில்லை. பக்கத்துத் தீவுகளும் ஓடைகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது. மேற்குக் கரையில் வடக்கே போனால் ஜாரவா பழங்குடிகளுக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே நுழைவதே குற்றம், அது சரியும்கூட. லோகாபராக் உவர்நீர் முதலைகள் சரணாலயமும் இந்தப் பக்கம்தான். ராத்திரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிறு கட்டும் வேலைக்கு ஆள் கிடைக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காடு எப்போதும் காப்பாற்றும் என்றும் சொல்லிவிட முடியாது. 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கரீபியனில் கரியகோ தீவைத் தாக்கியபோது, டிரல் பே அலையாத்திக் காட்டுக்குள் ஒதுங்கியிருந்த படகுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன.

தெற்கே ஓடிவிட்டால்?

பணமும் நேரமும் உள்ள பாய்மரக்காரர்கள் செய்வது இதைத்தான். பூமியின் சுழற்சி தரும் திருப்புவிசை இல்லாமல் புயல் சுழலாது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்த விசை குறைகிறது, 5 டிகிரிக்குள் புயல் உருவாவது அபூர்வம். (2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே சுமார் 1.5 டிகிரியில் வாமெய் உருவானது. அபூர்வம் என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை.) வண்டூர் இருப்பது 11.6 டிகிரி வடக்கில். ஃபூக்கெட் 8 டிகிரிக்குக் கீழே, லங்காவி 6 டிகிரிக்குச் சற்று மேலே. இரண்டு இடத்திலும் மெரினாக்கள், படகைப் பட்டைகளில் தூக்கி நகர்த்தும் டிராவல் லிஃப்ட், மாதக்கணக்கில் கரையில் நிறுத்தும் யார்டு எல்லாம் உண்டு.

ஆனால் போர்ட் பிளேரிலிருந்து ஃபூக்கெட் சுமார் 400 கடல் மைல். மணிக்கு 5 நாட் வேகத்தில் போகும் பாய்மரப் படகுக்கு மூன்று நாளுக்கு மேல். கையில் இருப்பதோ 24 மணி நேரம். எனவே இது தப்பிக்கும் வழி அல்ல, சீசன் தொடங்கும் முன் எடுக்க வேண்டிய முடிவு. இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றால் கொச்சி போல்காட்டி மெரினா ஒரு தேர்வு. காயலுக்குள் இருப்பதால் அலை அடிப்பதில்லை.

'எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டோம்' என்ற நிம்மதியும் ஆபத்துதான். கரீபியனில் காப்பீட்டு நிறுவனங்கள் 12 டிகிரி 40 நிமிடத்தில் கோடு போட்டு, அதற்குத் தெற்கே பாதுகாப்பு என்று கருதின. கிரனடா அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருந்ததால் யார்டுகள் நிரம்பின. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் வந்தது. கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த படகுகள் வரிசையாகச் சாய்ந்தன. ஒன்று விழுந்தால் பக்கத்துப் படகையும் தள்ளிக்கொண்டுதான் விழும்.

கரையில் நிற்கும் படகு ஏன் விழுகிறது?

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 60 கி.மீ. காற்று 120 ஆனால் அழுத்தம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. பாய்மரப் படகின் கம்பம், சுற்றி வைத்த பாய், மேலே கட்டிய துணிக்கூரை எல்லாம் அந்தக் காற்றைப் பிடிக்கும். பாயைச் சுற்றி வைத்தால் போதாது, கழற்றி உள்ளே வைக்க வேண்டும்.

அடுத்தது மண். அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை. ஊறிய மண்ணில் முட்டுக்கால் இறங்கும். ஒரு கால் சில அங்குலம் இறங்கினாலே படகின் எடை அந்தப் பக்கம் சாயும். முட்டுகளுக்கு அடியில் பலகை, முட்டுகளுக்கு இடையே சங்கிலி, படகிலிருந்து தரையில் புதைத்த கொக்கிகளுக்குப் பட்டை என மூன்றும் இருக்கும் யார்டுதான் யார்டு. சின்னப் படகு என்றால் அடியில் உள்ள தண்ணீர் அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். ஒரு கன மீட்டர் மழைநீர் ஒரு டன்.

மூன்றாவது உயரம். இங்கே வண்டூருக்கு ஒரு தனிக்கதை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கியது. போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகும் வழியில் சிப்பிகாட் பகுதி வயல்களில் கடல்நீர் நுழைந்து தங்கிவிட்டது அப்போதுதான். எனவே 'எங்க அப்பா காலத்துல இங்கேதான் படகை இழுத்து வைப்போம், தண்ணி வந்ததே இல்லை' என்ற அனுபவம் 2004-க்கு முந்தையது என்றால் அதிலிருந்து ஒரு மீட்டரைக் கழித்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் ஆழ்கடல் இருப்பதால் வேதாரண்யம், நாகப்பட்டினம் போல அந்தமானில் புயல் அலை பெரிதாக மேலெழாது என்பது ஒரு ஆறுதல். ஆனால் பௌர்ணமி, அமாவாசை ஏற்றத்தோடு புயல் சேர்ந்தால் அந்த ஆறுதலும் குறையும்.

சரி, வண்டூர்க்காரர் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் விசைப்படகுகள் கரையேறுவது மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பழுதுபார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் அந்த 61 நாளில்தான். அந்தமானுக்கும் இதே தடைக்காலம்தான். மே மாதப் புயலுக்கு அது தற்செயலாகப் பொருந்துகிறது. பெரிய சீசனான அக்டோபர்–டிசம்பரில் படகுகள் தண்ணீரில்தான் இருக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வந்தபோது நாகை மாவட்டப் படகுகளுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள்.

டுங்கிக்கு என் தேர்வு கரைதான். பத்துப் பேர் சேர்ந்தால் இழுத்துவிடக்கூடிய எடை. ஏற்றக் கோட்டுக்கு மேலே, தென்னை மரங்களிலிருந்து விலகி, கவிழ்த்து வைத்துக் கட்டிவிடலாம். காய் விழுந்தே ஓட்டையான படகுகள் உண்டு.

இழுக்க முடியாத சுற்றுலா, டைவிங் படகுகளுக்கு நெருங்கிய புகலிடம் போர்ட் பிளேர் துறைமுகம். நிலத்துக்குள் வளைந்து போகும் இயற்கைத் துறைமுகம் அது. அங்கே மெரினா கிடையாது. இருக்கும் கப்பல் பழுதுபார்ப்புத் தளங்கள் அரசுக் கப்பல்களுக்கும் கடற்படைக்கும் வேலை செய்பவை. கட்டிப்போட இடம் கிடைப்பதே பெரிய விஷயம், அதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். சாலையில் சுமார் 25 கி.மீ. என்றாலும் படகுக்குத் தெற்கே இறங்கி, ரட்லண்ட் தீவுக்கு இந்தப் பக்கம் மெக்பர்சன் நீரிணை வழியாக, சிடியாடாப்பு முனையைச் சுற்றித்தான் வர வேண்டும். தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த முனையில் கடல் கெட்ட பிறகு கிளம்பினால் பாதி வழியில் சிக்கிக்கொள்ள நேரும். அந்தமான் கடலில் தாழ்வுப் பகுதி என்ற செய்தி வந்த அன்றே, கூண்டு ஏறும்வரை காத்திருக்காமல், டீசலை நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். புயல் கடைசியில் வராமல் போனால் நஷ்டம் ஒரு நாள் வாடகையும் அந்த டீசலும்.