வெள்ளரிக்கு எது பருவம்?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களின் நிழலினூடே நாகலூருக்குப் போகிற பிரயாணிக்குச் சேர்வராயன் மலையின் விசேஷங்கள் என்று எடுத்துக் காட்டப்படுபவை காப்பியும் மிளகும் ஆரஞ்சும் பலாவுமே. வேலி ஓரத்தில் யாருடைய பெருமைக்கும் ஆளாகாமல் படர்ந்து கிடக்கும் வெள்ளரிக்கொடியை அவர் திரும்பிப் பார்ப்பது அபூர்வம். நானும் பல தடவை பாராமலே போனவன்தான். சென்ற ஆவணியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டபடியால் நாகலூரில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்க நேர்ந்து, தூறல் விட்டதும் அந்த வீட்டு மூதாட்டி வேலிக்கொடியில் காய் பறித்த விதத்தைப் பார்த்த பிறகே, இத்தனை வருஷமாக வெள்ளரி தின்றும் வெள்ளரியை அறியாதவனாக இருந்திருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது.

அவர் அவசரப்படவில்லை. ஒவ்வோர் இலையாகத் தூக்கி, அடியில் தொங்குகிற காயைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நடுவில் ஒரு பிடி பிடித்து, சிலவற்றை விட்டுவிட்டு, ஒரு சாண் நீளம்கூட இல்லாத நான்கைந்தை மட்டும் காம்போடு கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார். கொடியின் அடிப்பக்கத்தில், மண்ணைத் தொட்டுக்கொண்டு, பொன்னிறத்துக்கு மேல் பழுப்பு வலை பின்னினாற்போல் ஒரு பெரிய காய் கிடந்தது. அதை அவர் தொடவே இல்லை.

"அது பழுத்துப் போச்சே ஆயா, பறிக்கலையா?" என்றேன்.

"அது திங்கறதுக்கு விட்டதில்ல கண்ணு, வெதைக்கு விட்டது. அதையும் பறிச்சுட்டா வர்ற வருசம் எதை ஊனுவேன்?"

மடியிலிருந்த ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "இது இன்னிக்கு. நாளான்னிக்குப் பாத்தா இது கொழம்புக்கு ஆயிரும்" என்றார்.

இதே கைகள்தாம் மார்கழியிலும் தையிலும் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிறவை. காப்பியில் பக்குவம் ஒன்றே ஒன்று: கோடை மழைக்குப் பூத்தது எட்டு ஒன்பது மாதம் கழித்துச் செக்கச் சிவந்து நிற்க வேண்டும், பச்சைக்காய் கலந்தால் பானத்தில் துவர்ப்பு ஏறும், பழுத்து உலர்ந்தது கலந்தால் வேறு வாசனை தட்டும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து பறிப்பவர்களின் கண்ணுக்கு அந்த ஒரு நிறமே சட்டமாக இருந்து வருகிறது. வெள்ளரியோ அப்படி ஒரு சட்டத்துக்குள் அடங்குவதில்லை. பிஞ்சு ஒரு பண்டம், காய் ஒரு பண்டம், முற்றல் ஒரு பண்டம், பழம் முற்றிலும் வேறொரு பண்டம். பருவம் கொடியைச் சேர்ந்தது, பக்குவம் தின்கிறவனைச் சேர்ந்தது என்று நான் பிரித்துச் சொல்வேன். வெள்ளரியைப் பொறுத்த வரையில், எந்தப் பருவத்திலும் அதற்குரிய ஒரு பக்குவம் காத்திருக்கிறது.

இந்தச் செடிக்கு நம் தேசமே பிறந்தகம். இமயமலையின் அடிவாரங்களில் இன்றும் காட்டு வெள்ளரி உண்டு. காய் சிறியது, வாயில் வைக்க முடியாத கசப்பு. அதிலிருந்து கசப்பு குறைந்ததைப் பொறுக்கிப் பொறுக்கி விதை வைத்தவர்கள் யார் என்பதற்குச் சரித்திரத்தில் பெயரில்லை. ஏறக்குறைய மூவாயிரம் வருஷத்து உழைப்பு அது என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு. 1848-ல் சிக்கிமில் சுற்றிய ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கிலத் தாவர சாஸ்திரி, ஒன்றேகால் அடி நீளமும் அரை அடிப் பருமனும் கொண்ட, பழுப்பு வலை போர்த்த பெரு வெள்ளரிகளை அங்கே கண்டு, 1876-ல் அவற்றுக்கு ஒரு தனிப் பெயரே சூட்டினார். புணேப் பக்கத்து 'பூனா கீரா' என்ற பழைய ஜாதியும் இளமையில் வெளிறிய நிறமாக இருந்து பிறகு உருளைக்கிழங்குத் தோல்போல் பழுப்பேறுவது. ஆனால் பழுப்பேறிய பிறகும் உள்ளே மொறுமொறுப்புக் குறையாது. பச்சை நிறமே இளமை, மஞ்சள் விழுந்தால் கிழடு என்று நகரத்துக் கடையில் கற்றுக்கொண்ட விதி நாட்டு ஜாதிகளிடம் செல்லாமல் போவது இதனால்தான். காயின் ஜாதியைக் கேட்டுவிட்டு, பிறகே நிறத்தைப் பார்க்க வேண்டும்.

நிறம் கைவிட்டாலும் வேறு அடையாளங்கள் கைவிடுவதில்லை. நல்ல பிஞ்சின் நுனியில் வாடிய பூ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே மெல்லிய சுணையும் பொடி முள்ளும் விரலில் உறுத்தும். ஒடித்தால் 'படக்'கென்று ஒடிந்து, ஒடிந்த வாயில் நீர் முத்துக் கோக்கும். அந்தச் சுணை முழுக்க உதிர்ந்து தோல் வழுவழுத்துவிட்டால் பிஞ்சு காயாகிவிட்டது என்று அர்த்தம். காயில் பார்க்க வேண்டியது அதன் வயிறு. இரண்டு முனைகளைவிட நடு பெருத்து உப்பியிருந்தால் உள்ளே விதை கெட்டிப்பட்டுவிட்டது. நகம் சிரமமின்றி இறங்கினால் இன்னும் பச்சையாகத் தின்னலாம், நகம் வழுக்கினால் சமையலுக்குத்தான். பஸ் நிலையத்தில், ஜன்னலுக்குக் கீழே நின்று கூவுகிற பெண்மணி பிஞ்சை நான்காகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறாரே, அவர் கூடையில் வயிறு பெருத்த காய் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

சமவெளியில் பூ விரிந்த எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் காய் தின்னும் பக்குவத்துக்கு வந்துவிடும் என்பது பொதுக் கணக்கு. தை அறுவடை முடிந்த வயலிலும் ஆற்றுமணலிலும் ஏரிப் படுகையிலும் போட்டது மாசி பங்குனி வெயிலில் அப்படித்தான் விறுவிறுவென்று ஓடும். ஒரு நாள் பறிக்கத் தவறினால் மறுநாள் இலைக்கடியில் குழவிக்கல்போல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அப்படி முற்றிய ஒன்று கொடியில் தங்கிவிட்டால், விதை வந்துவிட்டது, காரியம் முடிந்தது என்று கொடி தளர்ந்து புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். நாலாயிரம் ஐயாயிரம் அடி உயரத்து மலைக் குளிரில் இந்தக் கணக்கு உதவாது. வெயிலை விரும்பும் கொடியாகையால் அங்கே காய் மெதுவாகப் பெருக்கும். எனவே அந்த மூதாட்டி நாளை எண்ணாமல் காயைப் பிடித்துப் பார்க்கிறார்.

கசப்பைப் பற்றி எனக்கு ஒரு சொந்த வருத்தம் உண்டு. ஒரு கோடையில் விருந்தாளிகளுக்காகப் பெரிய கடை ஒன்றிலிருந்து, பளபளவென்று மெருகிட்டாற்போன்ற வெள்ளரிகளை விலையைப் பாராமல் வாங்கி வந்து, ருசி பாராமலே தயிர்ப்பச்சடியில் போட்டு, ஒரு பாத்திரம் தயிரையும் கசப்பாக்கி, அத்தனை பேர் முன்னிலையில் தலை குனிந்தேன். காட்டு மூதாதையிடமிருந்து வந்த குக்குர்பிட்டசின் என்ற சத்து, கொடி நீருக்கு ஏங்கும்போதும் வெயிலில் வாடும்போதும் காயில் ஏறுகிறது. காம்புப் பக்கத்திலும் தோலின் கீழுமே அது அதிகம். முனையை வெட்டி, வெட்டிய துண்டாலேயே வட்டமாகத் தேய்த்து நுரை எடுக்கிறோமே, அந்தச் சம்பிரதாயத்தில் பலன் தருவது பெரும்பாலும் வெட்டுதான், தேய்ப்பு நம் திருப்திக்கு என்பது என் அபிப்பிராயம். என் பாட்டி இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். ஆந்திரத்துச் சமையற்காரர்கள் தோசகாய் என்ற தங்கள் ஊர் வெள்ளரியைப் பருப்பில் போடுமுன் ஒரு சிறு துண்டை வாயில் போட்டுப் பார்க்கிறார்கள். அந்த ஒரு துண்டு அன்று என் மானத்தைக் காப்பாற்றியிருக்கும்.

முற்றலை இகழ்கிறவர்கள் மோர்க்குழம்பை அறியாதவர்கள். தோல் சீவி, விதையை வழித்து, சதையைப் பெரிய துண்டங்களாக்கி, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துவிட்ட புளித்த மோரில் பக்குவமாக வெந்த முற்றல் வெள்ளரிக்கு ஈடாகச் சொல்லத்தக்கது பூசணி ஒன்றே. வழித்த விதையையும் எறிய வேண்டியதில்லை. உலர்த்தித் தோல் உரித்த வெள்ளரி விதை, முந்திரி எட்டாத வீடுகளில் பாயசத்துக்கு அழகு செய்த பண்டம்.

பழம் என்று வரும்போது இரண்டு குடும்பங்கள் குழம்பிப் போகின்றன. சித்திரையில் சாலையோரத்தில் வைக்கோல் மேல் பரப்பியிருக்கும், தானே வெடித்து மாவாக மலர்ந்த வெள்ளரிப்பழம், நாம் பிஞ்சாகத் தின்னும் வெள்ளரியின் முதிர்ச்சி அன்று. அது முலாம்பழத்தின் உறவு. கக்கரி என்று பல ஊர்களில் சொல்லப்படும் நீண்ட காயும், விஷு விடியலில் மலையாளத்து வீடுகளில் கண் விழிக்கும் பொன்னிறக் கணி வெள்ளரியும் அந்தக் குடும்பமே. முலாமுக்குக் குரோமோசோம் 24, வெள்ளரிக்கு 14. ஆகையால் அருகருகே படர்ந்தாலும் இவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. வெடிக்கிற பழத்துக்குப் பக்குவம் பார்ப்பது சுலபம்: மூக்கே சொல்லிவிடும். நாரைப் பிரித்து வெல்லமோ சர்க்கரையோ தூவிச் சாப்பிட வேண்டியது அன்றைக்கே, மறுநாள் புளித்துவிடும். கொடுங்ஙல்லூர்க்காரர்கள் இதன் சகோதரமான பொட்டு வெள்ளரியைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து குடிக்கிறார்கள், 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டார்கள். நம் பக்கத்துப் பழமோ இன்னும் வைக்கோல் மேல்தான் கிடக்கிறது.

ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலத்து மிருத்யுஞ்ஜய மந்திரம், மரணத்தின் கட்டிலிருந்து விடுபடுவதற்கு வெள்ளரிப்பழம் காம்பிலிருந்து விடுபடுவதை உவமை காட்டுகிறது. மாவும் பலாவும் இருக்க வெள்ளரியை ஏன் சொன்னார்கள் என்று கேட்டால் உபந்யாசகர்கள் ஒரு நயமான பதில் சொல்வதுண்டு: மற்றப் பழங்கள் மரத்தை விட்டு விழுகின்றன, தரையோடு கிடக்கும் வெள்ளரியோ இருந்த இடத்திலேயே இருக்க, கொடிதான் அதை விட்டுப் போகிறது. நாகலூர் வேலியடியில் கிடந்த அந்தப் பழுப்பு வலைப் பழத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த வியாக்கியானம்தான் நினைவுக்கு வந்தது.

பறித்த வெள்ளரி கொடியில் அடையாத ருசியை வீட்டில் அடையப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழுத்த வாழைப்பழத்தோடு வைத்தால் அது மஞ்சளாகுமேயன்றி இனிப்பாகாது. குளிர்பதனப் பெட்டியின் கடுங்குளிரில் சில நாள் விட்டால் தோலில் குழி விழுந்து நீர் கோத்துக்கொள்ளும். ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்து, இரண்டு நாளில் தின்று தீர்ப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

விடைபெறும்போது அந்த மூதாட்டி போன வருஷத்து விதையில் கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கொடியிலேயே ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த பழத்தைப் பிளந்து, விதையைச் சுற்றிய கொழகொழப்பு நீங்க இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறிப் புளிக்கவிட்டு, அடியில் தங்கியதை மட்டும் கழுவி நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டியது. தை மாதம் என் வீட்டுப் பின்கட்டில் ஒன்பது விதை ஊன்றினேன், ஆறு முளைத்தன. மாசிக் கடைசியில், நுனியில் பூ ஒட்டிய முதல் பிஞ்சு இலைக்கடியில் தெரிந்தது. இன்னும் ஒரு நாள் போகட்டும், இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அது மோர்க்குழம்புக்குத்தான் ஆயிற்று.