வெற்றுப் பீடத்தில் ஏறிய பெண்மணி

இலண்டன் மாநகரின் டிரஃபால்கர் சதுக்கத்தில் 1841ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற பீடமொன்று, பணமுடையால் சிலையின்றி நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தது. 2005ஆம் ஆண்டு அதன்மீது 3.55 மீட்டர் உயரமுள்ள வெண்சலவைக்கல் சிலை ஒன்று அமர்ந்தது. மார்க் குவின் என்னும் சிற்பி சமைத்த அவ்வுருவம், ஆலிசன் லாப்பர் என்ற ஓவியக் கலைஞரைக் கருவுற்ற கோலத்தில் காட்டுவது. அவ்வம்மையாருக்குப் பிறவியிலேயே கைகள் இல்லை; கால்களும் குறுகியவை. வாயால் தூரிகை பற்றி வரைபவர்.

போற்றினோர் பலர், முகஞ்சுளித்தோரும் பலர். வேடிக்கை யாதெனில், அதே சதுக்கத்தின் நடுவே நெடுந்தூணின்மேல் நிற்கும் நெல்சனுக்கும் வலக்கை கிடையாது! 1797இல் டெனரீஃப் போரில் இழந்தார். அதைக் குறையென்று எவர் சொன்னார்? பாரிஸ் லூவர் காட்சிசாலையில் கையிழந்து நிற்கும் வீனஸையோ அழகின் வடிவம் என்கிறோம்.

என் இடக்கையில் இரு விரல்கள் இல்லை. இரயில் நிலையச் சாளரத்தில் சில்லறை எண்ணுகையில், "விபத்தோ?" என வினவுவோர் உண்டு. "பிறவி" என்றதும் குரல் இறங்கிவிடும், பார்வை அகன்றுவிடும். விபத்தென்றே பொய் சொன்ன நாட்களும் உண்டு.

2007இல் அச்சிலை இறக்கப்பட்டது. 2012 பாராலிம்பிக் தொடக்க விழாவில் அதன் பேருருவம் தோன்றியது. மறு ஆண்டு வெனிஸ் நகரில் காற்றடைத்த வடிவாய் 11 மீட்டர் ஓங்கி நின்றது.

அப்படத்தை என் மகளிடம் காட்டினேன். கைகளைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"அந்த அம்மாவுக்கு என்ன குழந்தை பிறந்தது, அப்பா?"

"ஆண் குழந்தை, அம்மா" என்றேன்.