பழவேற்காட்டுப் பிள்ளைக்கு என்ன புத்தகம்?

பொங்கல் வந்தால் புத்தாடை வாங்குகிறோம்; கரும்பு வாங்குகிறோம்; மஞ்சள் கொத்து வாங்குகிறோம். கிறிஸ்துமசுக்குக் கேக்கு, பெருநாளுக்குப் புதுச் சட்டை, தீபாவளிக்குப் பட்டாசு — ஒன்றுக்கும் குறை வைப்பதில்லை. வைக்கவும் வேண்டாம். ஆண்டெல்லாம் உழைத்தவன் ஒரு நாளாவது மகிழட்டும். ஆனால் ஒன்று கேட்கிறோம். இத்தனையும் வாங்கும் கை, புத்தகக் கடை வாசலில் மட்டும் ஏன் சட்டைப் பைக்குள்ளேயே தங்கிவிடுகிறது?

பணம் இல்லை என்பது முழு உண்மை அல்ல. ஒரு சரவெடியின் விலைக்கு ஒரு கதைப் புத்தகம் கிடைக்கும். படிக்க நேரமில்லை என்பதும் முழு உண்மை அல்ல. உண்மைக் காரணம் வேறு. யாருக்கு எதை வாங்குவது என்று தெரியவில்லை! வாங்கிக் கொடுத்து, அதை அவன் பரணில் போட்டுவிட்டால் என்ன செய்வது? இந்தத் தயக்கம்தான் கையைத் தடுக்கிறது. இதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

பொதுவாகப் பேசினால் பொழுது போகும், பயன் விளையாது. ஆகவே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர், விடுமுறைக்குத் தம் ஊருக்குப் புறப்படுகிறார். ஊர், மீஞ்சூர் ஒன்றியத்தில் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அங்கே அண்ணன் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். சித்தப்பா என்ன வாங்கி வருவார் என்று வழிமேல் விழி வைத்திருக்கிறார்கள். அந்தச் சித்தப்பா என்ன புத்தகம் வாங்கிப் போகலாம்?

"மீன் பிடிக்கிற பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு?" என்று ஏளனம் பேசுவோர் இன்றும் உண்டு. அவர்களுக்கு வரலாறு விடை சொல்லட்டும். தமிழ் எழுத்தில் அச்சேறி, இன்று நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் மூத்தது எது? 'தம்பிரான் வணக்கம்'. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சானது; 16 பக்கம். யாருக்காக அச்சிட்டார்கள்? அரண்மனைக்கா? மடத்துக்கா? இல்லை. முத்துக்குளித்துறையின் கடலோர மக்களிடையே பணியாற்றிய பாதிரியார், அந்த மக்களின் கைக்கென்றே ஆக்கிய சிறு நூல் அது. அது சமய நூல். அதன் சமயம் பற்றி இங்கே நமக்குப் பேச்சில்லை. ஆனால், தமிழ் அச்சுப் புத்தகம் முதன்முதலில் தேடிப்போன வாசகன் கடற்கரைக்காரன் என்ற உண்மையை யாரால் மறைக்க முடியும்?

அது தென்கரை என்பீர்கள். சரி, வடகரைக்கே வருவோம். பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்திரியாக் கோட்டை கட்டினார்கள். 1630-களில் அங்கே பாதிரியாராக இருந்தவர் அபிரகாம் ரொகேரியஸ். உள்ளூரில் பத்மநாபன் என்ற அந்தணரிடம் கேட்டறிந்து, இந்த நாட்டு மக்களின் வழிபாடு, வழக்கம், வாழ்க்கை எல்லாவற்றையும் டச்சு மொழியில் எழுதி வைத்தார். அந்த நூல் 1651-இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் வடமொழிப் பாக்கள் ஐரோப்பிய மொழியில் முதன்முதலில் அச்சேறியது அந்த நூலில்தான். நம்மைப் பற்றி ஐரோப்பா படித்த ஒரு பெரும் புத்தகம் பழவேற்காட்டு மண்ணில் பிறந்தது! அந்த மண்ணில் பிறக்கும் பிள்ளை, பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகத்தைத் தனதென்று சொல்ல வழியில்லாமல் வளர்ந்தால், அது யாருக்கு வெட்கம்? பிள்ளைக்கா, நமக்கா?

இது வெறும் பெருமைக் கணக்கு அல்ல. அந்தக் கரையின் இன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இன்ன குழுவுக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று முறைவைத்து வலை வீசும் 'பாடு' என்ற கட்டுப்பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அங்குள்ள மீனவர்கள். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்துவிட்டன. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை இந்தக் கரை மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அத்தகைய திட்டத்தின் அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டது. அதைப் படிப்பது யார்? படித்துப் பொருள் சொல்வது யார்? படிக்கும் பழக்கம் ஊரில் இருந்தால், ஊர் தானே படித்துத் தானே தீர்மானிக்கும். இல்லையேல், பிறர் படித்துச் சொல்வதை நம்பிக் கை கட்டி நிற்கும். நூற்றுக்கணக்கான பக்கத்தை ஒருவன் ஒரே நாளில் படிக்கக் கற்றுக்கொள்வதில்லை. பத்து வயதில் பதினாறு பக்கப் படக்கதையில்தான் அது தொடங்குகிறது.

சரி, எந்தப் புத்தகம்?

முதலில், எது கூடாது என்பதைச் சொல்லிவிடுவோம். கொடுப்பவன் பெருமைக்காக வாங்கும் புத்தகம் கூடாது. தங்க எழுத்து மின்னும் தடித்த அட்டை, தூக்கவே இரு கை வேண்டும் — அது அலமாரிக்கு அணிகலன், பிள்ளைக்குப் பாரம். தேர்வுக்கு வழிகாட்டும் 'கைடு' கூடாது. பண்டிகை நாளில் பரீட்சையை நினைவூட்டுவது பரிசாகாது, தண்டனையாகும். "இப்படி நட, அப்படி நில்" என்று பக்கத்துக்குப் பக்கம் புத்தி சொல்லும் புத்தகமும் முதல் பரிசுக்கு ஏற்றதல்ல. அந்த வேலைக்கு வீட்டிலே பெரியவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு தவறும் உண்டு. மீனவர் வீட்டுப் பிள்ளை என்றதும் மீன் கதையாகவே பொறுக்கிக் கொடுப்பது! அவன் மீனைக் கண்ணால் காண்கிறான், கையால் பிடிக்கிறான். தன் ஊரைத் தாளில் காணும் பெருமை அவனுக்கு வேண்டும்; மறுக்கவில்லை. தான் காணாத ஊரைக் காணும் ஆசையும் வேண்டுமல்லவா? இரண்டு புத்தகம் வாங்க முடிந்தால், ஒன்று அவன் கரையைச் சொல்லட்டும். ஒன்று அக்கரையைச் சொல்லட்டும்.

எடுத்துக்காட்டாகச் சிலவற்றைச் சொல்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சின்னஞ்சிறு பிள்ளைக்கு, அழ. வள்ளியப்பாவின் பாடல்கள். பாடிக்கொண்டே படிக்கலாம், படித்தபின் புத்தகம் இல்லாமலும் பாடலாம். நாலைந்து வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு, 'டோட்டோ-சான்'. பழைய இரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த ஒரு சப்பானியப் பள்ளியின் கதை. மீஞ்சூர் இரயிலைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அதைக் கீழே வைக்காது. எட்டாம் வகுப்பு மாணவிக்கு, இரா. நடராசனின் 'ஆயிஷா', கேள்வி கேட்ட ஒரு மாணவியின் கதை, மிகச் சிறிய நூல். ஏரியில் பூநாரைகள் வந்திறங்குவதை வேடிக்கை பார்க்கும் பையனுக்கு, காட்டுயிர் பற்றியும் பறவை பற்றியும் மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய கட்டுரைகள். தான் நாள்தோறும் காணும் பறவைக்கு இத்தனை செய்தி உண்டா என்று அவன் வியப்பான்.

பெரியவர்களை மறக்கலாமா? வலை இழுக்கும் அண்ணனுக்கு, ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்'. கியூபாக் கரையின் கிழவன் ஒருவன் பெருமீனோடு போராடும் கதை. நம் குப்பத்தில் எவருக்கும் விளக்கவுரை வேண்டாம். தகழியின் 'செம்மீன்' 1956-இல் மலையாளத்தில் வந்தது. சுந்தர ராமசாமி தமிழில் தந்திருக்கிறார். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', ஜோ டி குருசின் 'ஆழி சூழ் உலகு' — மூன்றும் தமிழ்க் கரையின் கதைகள். தேவாலயமும் பள்ளிவாசலும் கோயிலும் அருகருகே இருக்கும் பழவேற்காட்டில், ஒருவர் வீட்டுக் கதையை மற்றவர் படிப்பதற்கும் இவை உதவும்.

எழுத்தறியாத பாட்டிக்கு? அவருக்கும் புத்தகம் உண்டு! பேத்தியின் கையில் கொடுத்து, "பாட்டிக்குப் படித்துக் காட்டு கண்ணு" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு புத்தகம், இரு வாசகர்.

இந்தப் பட்டியலோடு கடமை முடிந்ததா? இல்லை. பட்டியல் பொதுவானது, பிள்ளையோ தனியானவன். அவனுக்கு எது பொருந்தும் என்று கண்டறிய, கேட்டுத் தெரிந்து கொடுக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சிறு புத்தகக் கடைக்காரர். நல்ல கடைக்காரர் முதலில் விலையைச் சொல்வதில்லை. "யாருக்குங்க? என்ன வயது? இதற்கு முன் எதை விரும்பிப் படித்தான்?" என்று கேட்பார். பிறகு, தான் படித்த புத்தகங்களிலிருந்து நாலைந்தை எடுத்து மேசைமேல் போடுவார். புரட்டிப் பார்க்கலாம், எழுத்தின் அளவைப் பார்க்கலாம், ஒரு பக்கம் படித்தும் பார்க்கலாம். எங்கோ இருக்கும் பெரிய கிடங்கு இதைச் செய்யுமா? நேற்று நீர் வாங்கியது என்னவோ, அதையே இன்றும் உம்முன் நீட்டும். உம் அண்ணன் மகளை அது அறியாது.

மீஞ்சூருக்குப் போகும் புறநகர் இரயில் எங்கே புறப்படுகிறது? சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில். அந்தப் பெயர் எதனால் வந்தது என்று இன்றைய இளைஞர் பலருக்குத் தெரியாது. பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் அங்கேதான் இருந்தது, 1985-இல் தீக்கிரையாயிற்று. சில அணா, சில ரூபாய்க்கு அங்கே புத்தகம் வாங்கிப் படித்து ஆளானவர்கள் எத்தனையோ பேர். மாஸ்கோவில் அச்சாகித் தமிழில் வந்த வண்ணப்படக் கதைகளை மலிவு விலையில் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த காலமும் உண்டு. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்த வரத்து நின்றது. கடை போனால் புத்தகம் மட்டுமா போகிறது? புத்தகத்தைக் காட்டிய கையும் போகிறது!

"பெரிய நிறுவனம் தள்ளுபடி தருகிறதே, சிறு கடைக்காரர் தருவாரா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்து ரூபாயும் ஏழைக்குப் பணம்தான். ஆனால் தள்ளுபடிப் போட்டியில் சிறு கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின், அந்தத் தள்ளுபடி நிலைக்கும் என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? பிரெஞ்சு நாடு இதை முன்பே உணர்ந்தது. புதிய புத்தகத்துக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் எவரும் தள்ளுபடி தரலாகாது என்று 1981-இல் சட்டம் செய்தது. ஊருக்கு ஊர் சிறு கடை உயிரோடிருக்க வேண்டும் என்பதே நோக்கம். நம் நாட்டிலும் இதைப் பேசும் காலம் வந்துவிட்டது. மலிவாக வேண்டுவோர்க்கு வழி இல்லாமலும் இல்லை. சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடந்து வருகிறது. பொங்கலை ஒட்டியே கூடுகிறது. 10 விழுக்காடு கழிவும் உண்டு. ஊருக்குப் போகுமுன் அங்கே ஒரு நடை போகலாம்; பெரிய அரங்குகளோடு நின்றுவிடாமல், சிறு பதிப்பாளரின் அரங்கிலும் ஏறி இறங்கலாம்.

"நூலகம் இருக்க, வாங்குவானேன்?" என்பர் சிலர். நூலகம் வேண்டும், இன்னும் பல வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் கண்டது 1948-இல் நம் சென்னை மாகாணம்தான். 1931-லேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வண்டி போகாத குப்பத்துக்குப் படகு போகட்டும் என்று கேட்கும் உரிமை ஏரிக்கரை மக்களுக்கு உண்டு. ஆனால் நூலகப் புத்தகம் திரும்பப் போகவேண்டியது. பரிசுப் புத்தகம் பிள்ளைக்கே சொந்தம். முதல் பக்கத்தில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமை சிறு உரிமை அல்ல.

இது நடக்கிற காரியமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு நாட்டைக் காட்டுகிறோம். வடகோடியில் ஐசுலாந்து. மக்கள்தொகை சுமார் 4 இலட்சம். நெடுங்காலம் மீனை நம்பி வாழ்ந்த நாடு. இரண்டாம் உலகப் போரின்போது பிற பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. காகிதத்துக்கு மட்டும் கட்டுப்பாடு குறைவு. ஆகவே கிறிஸ்துமசுக்குப் புத்தகமே பரிசாயிற்று. 1944 முதல் நெடுங்காலம் புதுப் புத்தகப் பட்டியல் அச்சிட்டு வீடுகளுக்கு அனுப்பி வந்தார்கள். போர் முடிந்தது, வழக்கம் முடியவில்லை! மீனவர் நாடு ஒன்று பண்டிகையைப் புத்தகத் திருநாளாக்கியது என்றால், மீஞ்சூர்க் கரைக்கு அது ஏன் ஆகாது?

ஆகவே நாம் சொல்வது இது. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும், தம் ஊர்ப் பிள்ளை ஒன்றுக்காவது ஒரு புத்தகம் வாங்குங்கள். பெரிய கடையைத் தேட வேண்டாம். படித்த கடைக்காரரைத் தேடுங்கள். பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள், விருப்பத்தைச் சொல்லுங்கள். விலையைப் பிறகு கேளுங்கள். கொடுத்துவிட்டு "படித்தாயா?" என்று அதட்டாதீர்கள், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கதை கேளுங்கள். கரும்பு அன்றே தீர்ந்துவிடும். சட்டை அடுத்த ஆண்டு தம்பிக்குப் போகும். புத்தகம் தம்பிக்கும் போகும், தங்கைக்கும் போகும், பக்கத்து வீட்டுக்கும் போகும். அப்போதும் அதன் முதல் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கும்.