உங்களுக்குத் தெரியுமா? பழைய ஹைபிரிட் பேட்டரி முழுவதும் வீணல்ல!

2003-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் காரின் ஹைபிரிட் பேட்டரிக்குள் 28 தொகுதிகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் ஆறு. ஆக, ஒரு தொகுதிக்கு 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். எல்லாம் தொடராக இணைந்திருப்பதால், ஒன்று பழுதானாலே எச்சரிக்கை விளக்கு எரியும். மற்றவற்றில் பல இன்னும் உழைக்கும் நிலையில் இருக்கும். அவற்றைத் தரம் பிரிக்க நான்கு சோதனைகள் உண்டு.

● மின்னழுத்தம்: ஒரு தொகுதி மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைவாகக் காட்டினால், உள்ளே ஒரு செல் செத்திருக்க வாய்ப்பு அதிகம்.

● சுமை: 55 வாட் முகப்பு விளக்கு பல்பைத் தொகுதியுடன் இணைத்து இரண்டு நிமிடம் எரியவிட்டு மீட்டரைக் கவனிக்க வேண்டும். நல்ல தொகுதியில் வோல்ட் சற்றே இறங்கி நிலைக்கும்; நலிந்ததில் மளமளவென்று சரியும்.

● கொள்ளளவு: சில முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, இறக்கி அளக்க வேண்டும். புதியதில் இது 6.5 ஆம்பியர்-மணி. உப்பிவிடாதிருக்க, தொகுதிகளை இருபுறமும் பலகை வைத்து இறுக்கிய பிறகே சார்ஜ் ஏற்ற வேண்டும்.

● தானே வடிதல்: சார்ஜ் ஏற்றி ஒரு வாரம் சும்மா வைத்து மீண்டும் அளந்தால், மின்சாரத்தைத் தக்கவைக்காதவை தெரிந்துவிடும்.

கொள்ளளவில் நெருங்கியவற்றையே ஒரு பெட்டியில் சேர்க்க வேண்டும். வலுவானவற்றுடன் நலிந்தது கலந்தால், அது முதலில் காலியாகிக் கெட்டுவிடும்.

எச்சரிக்கை: மின்சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் பேட்டரிப் பெட்டிக்குள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கும். உயர் மின்னழுத்தக் கையுறையும் உரிய பயிற்சியும் இல்லாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது.