வார்டுச் சுவரில் பூட்டிய பெட்டி எதற்கு?

நமது மருத்துவமனையின் உள்நோயாளிப் பிரிவுகளில், கதவை அடுத்த சுவரில், நெஞ்சளவு உயரத்தில், ஒளி ஊடுருவும் சிறு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதை நோயாளிகளும் உடனிருப்போரும் கண்டிருப்பீர்கள். அதனுள் இருப்பது தெர்மோஸ்டாட். அறையின் வெப்பநிலையை அளந்து, குளிர்சாதனத்தை இயக்கவும் நிறுத்தவும் ஆணையிடும் கருவி அது. பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி செவிலியர் நிலையத்தில் இருக்கும்.

“வீட்டில் ரிமோட் எங்கள் கையில்தான் இருக்கிறது. கட்டணம் செலுத்தித் தங்கும் இடத்தில் மட்டும் ஏன் இந்தப் பூட்டு?” என்று பலர் எங்களைக் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. மின்கட்டணத்தைக் குறைப்பதற்காகவே பூட்டியிருக்கிறோம் என்று எண்ணுவோரும் உண்டு. மின்சிக்கனம் அதன் ஒரு பயன்தான். முதன்மையான காரணம் மருத்துவம் சார்ந்தது. அதனை இங்கே விளக்க விரும்புகிறோம்.

கருவி செய்யும் வேலை

பெரிய மருத்துவமனைகளில் பெரும்பாலும் மைய குளிர்சாதன முறையே பயன்படுகிறது. ஓரிடத்தில் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கப்படும் நீர், குழாய்கள் வழியாக ஒவ்வொரு வார்டின் கூரைக்கும் செல்கிறது. அங்குள்ள மின்விசிறி, குளிர்ந்த குழாய்ச் சுருளின் மீது காற்றைச் செலுத்தி அறைக்குள் அனுப்புகிறது. தெர்மோஸ்டாட் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையை உணர்கிறது, நாம் குறித்துவைத்த எண்ணோடு அதனை ஒப்பிடுகிறது, தேவைப்பட்டால் நீரின் அடைப்பானைத் திறக்கிறது, போதுமானபோது மூடுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். எண்ணை 24-இலிருந்து 18-க்குக் குறைத்தால் அறை விரைவாகக் குளிரும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் வரும் நீரின் குளிர்ச்சி மாறுவதில்லை; அறை குளிரும் வேகமும் அதனால் கூடுவதில்லை. 24-இல் நின்றிருக்க வேண்டிய குளிர்விப்பு, நிற்காமல் தொடர்கிறது, அவ்வளவே. அரைமணி நேரத்திற்குப் பின் எண்ணைக் குறைத்தவர் வீட்டிற்குப் புறப்பட்டுவிடுவார். படுக்கையில் இருப்பவர் விடியும்வரை அந்தக் குளிரில் கிடப்பார்.

புழுங்குவது ஒருவருக்கு, குளிர்வது மற்றொருவருக்கு

மருந்தகத்திற்கும் ஆய்வகத்திற்கும் நடந்து, படியேறி வரும் உடனிருப்பவரின் உடல், அசையாமல் படுத்திருக்கும் நோயாளியின் உடலைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தை உண்டாக்குகிறது. அவருக்கு வியர்க்கிறது. நோயாளியோ மெல்லிய மருத்துவமனை ஆடையில், உணவு குறைந்து, இரத்தம் குறைந்து படுத்திருக்கிறார். ஒரே அறை, ஒரே காற்று, இருவருக்கும் இருவேறு தட்பவெப்பம். சுவருக்கு நடந்து சென்று எண்ணை மாற்றக்கூடியவர் பெரும்பாலும் நோயாளியாக இருப்பதில்லை.

பல கட்டில்கள் உள்ள பொது வார்டில் இச்சிக்கல் இன்னும் பெரிது. ஒரு தெர்மோஸ்டாட் எல்லாக் கட்டில்களுக்கும் பொது. காய்ச்சல்காரர் ஒருவருக்காகக் குறைக்கப்படும் எண், எதிர்க்கட்டிலில் நேற்று அறுவை சிகிச்சை முடிந்தவரை நடுங்கச் செய்யும். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர், மறதிநோய் உள்ள முதியவர், மயக்க மருந்தின் பிடியில் இருப்பவர் ஆகியோர் “எனக்குக் குளிர்கிறது” என்று சொல்லவும் இயலாதவர்கள். பூட்டு முதலில் காப்பது இவர்களைத்தான்.

குளிர் எப்போது தீங்காகிறது?

உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். அது 35-க்குக் கீழே இறங்கினால் அதனை உடல்வெப்பக் குறைவு நிலை என்கிறோம். நலமுடன் இருப்பவரின் உடல், தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கியும் நடுக்கத்தை உண்டாக்கியும் இந்நிலை வராமல் காத்துக்கொள்கிறது. நோய்வாய்ப்பட்டவரிடம் இந்தக் காவல் தளர்ந்திருக்கும்.

அறுவை சிகிச்சை பெற்றோர்: மயக்க மருந்து கொடுத்த முதல் ஒரு மணி நேரத்திலேயே உடலின் உள்வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி வரை குறையக்கூடும். பெருங்குடல் அறுவை சிகிச்சை பெற்ற 200 பேரிடம் நடத்தப்பட்டு, 1996-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில், அறுவையின்போது உடல் கதகதப்பாகக் காக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கும், உடல் குளிர்ந்தவர்களில் 19 சதவீதத்தினருக்கும் காயத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டது. அந்த ஆய்வு அறுவை அரங்கில் நிகழ்ந்ததைப் பற்றியது. வார்டைப் பற்றியது அன்று. எனினும் குளிர்ந்த உடலில் இரத்த ஓட்டமும் நோய் எதிர்ப்பும் தளர்கின்றன என்பதை அது தெளிவாகக் காட்டியது. நடுக்கம் உடலின் ஆக்சிஜன் தேவையை இரு மடங்குக்கும் மேலாக உயர்த்தக்கூடும் என்பதால் இதயநோய் உள்ளவர்களுக்கு அது கூடுதல் சுமை.

பச்சிளங்குழந்தைகள்: எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு பெரியவர்களைவிட ஏறத்தாழ மும்மடங்கு. ஆகவே வெப்பம் விரைந்து வெளியேறும். குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. பிரசவ அறை 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவது இதனால்தான். பிள்ளை பெற்ற தாய்க்குப் புழுங்கும் அந்த அறை, பிள்ளைக்குத் தேவையான அறை.

முதியோர்: தசையும் தோலடிக் கொழுப்பும் குறைந்திருக்கும், குளிரை உணரும் திறனும் மங்கியிருக்கும். உடல் சில்லிட்ட பின்னரும் “ஒன்றுமில்லை” என்று சொல்பவர்கள் இவர்கள்.

சில நோய்களும் மருந்துகளும்: தைராய்டு சுரப்புக் குறைந்தவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் குளிரும். ஆக்சாலிபிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து பெற்றவர்களுக்குச் சில நாட்கள்வரை குளிர்காற்று பட்டாலே விரல்கள் மரத்துக் குத்தும். தொண்டை அடைப்பது போலவும் தோன்றும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாளணு இரத்தச்சோகையில், உடல் குளிர்வது கடும் வலியைத் தூண்டக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத ஈரம்

ஐஸ் நீர் ஊற்றிய தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லோரும் அறிவோம். சென்னை போன்ற கடலோர ஊர்களின் காற்றில் ஈரம் மிகுதி. அறையை 18 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டுக் கதவையோ சன்னலையோ திறந்தால், வெளிக்காற்றின் ஈரம் கூரையிலும் சுவரிலும் காற்றுத்துளையின் விளிம்பிலும் நீராகப் படியும். ஈரமான பரப்பு ஒன்றிரண்டு நாட்களுக்குள் உலராவிட்டால் அதில் பூஞ்சை வளரத் தொடங்கும். அஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் நுண்துகள்களை நாம் அனைவரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம், பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டோருக்கும் அது உயிருக்கு ஆபத்தான நுரையீரல் தொற்றாக மாறக்கூடும்.

மின்விசிறியின் வேகமும் பல தெர்மோஸ்டாட்டுகளில் அதே பலகையில்தான் உள்ளது. காற்றுவழித் தொற்றுள்ளோரைத் தனிமைப்படுத்தும் அறைகளில், கிருமி வெளியே பரவாதவாறு காற்றழுத்தம் கணக்கிட்டு அமைக்கப்படுகிறது. அங்கே ஒரு பொத்தானை அழுத்துவது அந்தக் கணக்கைக் குலைத்துவிடலாம்.

பெட்டியை ஏமாற்றினால்

பூட்டு இருந்தும் சிலர் வழி தேடுவதுண்டு. காற்றுத் துளைகளின் வழியே கொண்டையூசியை நுழைத்துப் பொத்தானை அழுத்துவோர் உளர். பெட்டியின் மேல் ஈரத்துணியைப் போடுவதும், அருகில் வெந்நீர்க் குடுவையை வைப்பதும் உண்டு. கருவி உணர்வது தன்னைச் சுற்றியுள்ள காற்றை மட்டுமே. ஈரத்துணியின் குளிர்ச்சி பட்டால் அறையே குளிர்ந்துவிட்டதாகக் கருதிக் குளிர்விப்பை நிறுத்திவிடும். வெந்நீரின் ஆவி பட்டால் அறை கொதிப்பதாகக் கருதி, நிறுத்தாமல் குளிர்விக்கும்.

அறியாமல் நிகழும் தவறும் உண்டு. பெட்டியில் உள்ள துளைகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. அறைக்காற்று உள்ளே சென்று வருவதற்கானவை. அவற்றின்மேல் துண்டைத் தொங்கவிட்டாலும், பையை மாட்டினாலும், சூடாகும் சார்ஜரை அருகே வைத்தாலும் கருவி தவறான எண்ணையே காட்டும். அவ்விடத்தைத் தயவுசெய்து காலியாக விடுங்கள்.

பூட்டியவரின் கடமை

பூட்டு என்பது எங்களுக்கும் சேர்த்து இடப்பட்ட கட்டு. பொத்தானை நோயாளியின் கையிலிருந்து எடுத்துக்கொண்டால், அவர் கேட்கும்போது செவிசாய்க்கும் பொறுப்பும் எங்களுடையதாகிறது. அதனால்தான் பெட்டி ஒளி ஊடுருவுவதாக உள்ளது. அறையின் வெப்பநிலையையும் குறித்துவைத்த வெப்பநிலையையும் நீங்களே பார்க்கலாம். இரண்டிற்கும் இடையே 2 டிகிரிக்கு மேல் வேறுபாடு அரைமணி நேரம் நீடித்தால், கருவியில் பழுது இருக்கலாம். செவிலியரிடம் உடனே சொல்லுங்கள்.

குளிர்கிறது என்றோ புழுங்குகிறது என்றோ சொல்வதற்கு எவரும் தயங்க வேண்டாம். இரவு இரண்டு மணி என்றாலும் சொல்லலாம். அது தொந்தரவு ஆகாது. தனி அறையில், நோயாளியின் உடல்நிலை இடம் கொடுத்தால், செவிலியர் பெட்டியைத் திறந்து எண்ணை மாற்றித் தருவார். பொது வார்டில் அனைவரையும் கருத வேண்டியிருப்பதால், முதலில் வேறு வழிகள் பார்க்கப்படும்: கூடுதல் போர்வை, காலுறை, காற்றுத்துளையின் தகட்டைத் திருப்புதல், காற்று நேரே படாத கட்டிலுக்கு மாற்றுதல். பெரும்பாலோரின் துன்பம் இவற்றாலேயே தீர்ந்துவிடும்.

உடனிருப்போர் கவனிக்க

காய்ச்சல் ஏறும்போது நோயாளி நடுங்குவார். அப்போது அறையை மேலும் குளிர்வித்தால் நடுக்கம் கூடுமே தவிர, காய்ச்சல் இறங்காது. போர்த்திவிட்டுச் செவிலியரை அழையுங்கள்.

குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரால் வருந்துகிறது. தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து அணைத்துப் போர்த்துங்கள். இரண்டுமே சில்லென்றிருந்தால் காத்திராமல் உடனே அழையுங்கள்.

வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம். நீரிழிவால் கால் மரத்தவருக்கும், முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டவருக்கும் சூடு தெரியாது. தோல் வெந்த பின்னரே கண்ணில் படும். வீட்டிலிருந்து மின்கம்பளமோ ஹீட்டரோ கொண்டுவர வேண்டாம். ஆக்சிஜன் பயன்படும் இடத்தில் சிறு தீப்பொறியும் பெருந்தீயாகும்.

முதியவர் வழக்கத்திற்கு மாறாகக் குழம்பிப் பேசினாலோ, மந்தமாக இருந்தாலோ, கை கால் சில்லிட்டிருந்தாலோ “உறங்குகிறார்” என்று விட்டுவிடாமல் தெரிவியுங்கள்.

வீடு திரும்பிய பின்

வீட்டிலும் இதே அளவுகோல் பயன்படும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம், வீட்டு ஏசிகளின் தொடக்க வெப்பநிலையை 24 டிகிரி என 2020 சனவரி முதல் வரையறுத்துள்ளது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்றும் கூறுகிறது. நோயிலிருந்து தேறுவோர் உள்ள வீட்டில் அதற்கும் கீழே செல்ல வேண்டிய தேவை அரிது. மறதிநோய் உள்ள முதியவர் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தால், அதனை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வைத்த பின், அவருக்குக் குளிர்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்ப்பது உங்கள் பொறுப்பு என்பதையும் மறவாதீர்கள்.

பூட்டிய பெட்டியைப் பார்க்கும்போது, உங்கள் மீது நம்பிக்கை இல்லாததால் அது பூட்டப்படவில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். எழுந்து சென்று பொத்தானை அழுத்த முடியாத ஒருவர் அந்த அறையில் இருக்கிறார். அவருக்காக நீங்கள் கேளுங்கள். சாவி எங்களிடம் இருக்கிறது.