பாலத்துக்கு அடியில் என்ன நடந்தது தெரியுமா?

கலிஃபோர்னியாவின் மாநில நெடுஞ்சாலை 1, மான்டெரே கவுண்டிக்குள் கார்மெலைத் தாண்டித் தெற்கே இறங்கியதும் போடுகிற ஆட்டம் இருக்கிறதே, அடடா! வலப்பக்கம் பசிபிக், இடப்பக்கம் சாண்டா லூசியா மலை. நடுவில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது இருவழிச் சாலை. பிக் சர் என்ற இந்தக் கரையின் அழகை உலகமே படம் எடுத்துத் தீர்த்துவிட்டது. நாம் திரைக்குப் பின்னால் போவோம், வாருங்கள்!

ஆரம்பப் புள்ளி ஒரு மருத்துவர். பெயர் ஜான் ராபர்ட்ஸ். 1894இல் பாயின்ட் சர் முனையில் கப்பல் உடைந்தபோது, அடிபட்டவர்களைக் காப்பாற்றக் கரடுமுரடான பாதையில் குதிரை வண்டியில் பறந்தவர். 'இங்கே நல்ல சாலை வேண்டும்' என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. 1897இல் மான்டெரேயிலிருந்து சான் லூயிஸ் ஒபிஸ்போ வரை கரையோரமாகவே நடந்து, வழியை வரைந்துவிட்டார். அவர் போட்ட செலவுக் கணக்கு 50,000 டாலர். 1937 ஜூனில் சாலை திறந்தபோது ஆகியிருந்ததோ அதைப் போலப் பல மடங்கு! ஆனாலும் அந்த நடை இல்லாவிட்டால் இந்தச் சாலை ஏது?

வேலைக்கு ஆள் கிடைக்காத மலை அது. சான் க்வென்டின் சிறைக் கைதிகள் முகாம் போட்டுப் பாறை வெட்டினார்கள். நாள் கூலி 35 சென்ட், கூடவே தண்டனைக் குறைப்பு. இன்றைக்கு வளைவுகளில் ரசித்து ரசித்துப் போகிறவர்கள் அந்தக் கைகளை ஒரு கணம் நினைக்க வேண்டும்.

இப்போது இந்தச் சாலையில் என் செல்லம், பிக்ஸ்பி பாலம்! கடலை விட்டு உள்ளே ஒதுங்கி, மலையைக் குடைந்து, சின்னப் பாலம் ஒன்றோடு முடித்துக்கொள்ளும் யோசனையும் இருந்தது. நல்லவேளை, அதைக் கைவிட்டார்கள். எஃகு வேண்டாம், உப்புக் காற்று அரித்துவிடும் என்று கான்கிரீட்டைத் தேர்ந்தார்கள். 1931 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. முதலில் எழுந்தது பாலமே அல்ல, டக்ளஸ் ஃபிர் மரத்தில் பிரம்மாண்டமான சாரம். குளிர்காலப் புயலில் அலைகள் சாரத்தின் அடிக்காலையே மிரட்ட, வேலையைக் கொஞ்ச காலம் நிறுத்தினார்கள். பிறகு 45,000 மூட்டை சிமென்ட்! கலவையைப் பள்ளத்துக்கு மேலே கம்பி வடத்தில் தொங்கவிட்டு, அந்தரத்தில் நகர்த்திக்கொண்டுபோய்க் கொட்டினார்கள். 320 அடி வளைவு. மொத்தச் செலவு இரண்டு லட்சம் டாலருக்குள். 1932இல் முடிந்தேவிட்டது!

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? வளைவின் இரண்டு பக்கமும் கம்பீரமாக நிற்கும் பெரிய தூண்கள் பாலத்தின் பாரத்தைத் தாங்கத் தேவையே இல்லை. அழகுதான் அவற்றின் வேலை. அதைக் கேட்டதிலிருந்து அந்தப் பாலத்தின் மேல் எனக்குப் பாசம் கூடிவிட்டது.

இந்தச் சாலையைக் கட்டி முடித்ததாக யாரும் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. 2017 தொடக்கத்தில் கொட்டித் தீர்த்த மழையில் ஃபைஃபர் கான்யன் பாலத்தின் தூணுக்கு அடியில் மண் நழுவிவிட்டது. பாலத்தை இடித்தே ஆகவேண்டிய நிலை. ஊர்க்காரர்கள் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்து கடைக்கும் பள்ளிக்கும் போய்வந்தார்கள். புதுப் பாலம் எப்படி வந்தது தெரியுமா? நழுவும் மண்ணில் தூண் எதற்கு? நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் எஃகு உத்தரங்களை இந்தக் கரையில் கோத்து, பள்ளத்தின் மேலாக அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள். அக்டோபரிலேயே வண்டிகள் ஓடின!

அதே ஆண்டு மே மாதம் மட் க்ரீக்கில் மலையே சரிந்து, கால் மைல் சாலையைப் புதைத்துக் கடலுக்குள் புது நிலத்தை நீட்டிவிட்டது. தோண்டி எடுப்பது வீண் என்று சரிவின் மேலேயே சாலை போட்டார்கள். 2018 ஜூலையில் திறந்தது.

2024இல் ரீஜென்ட்ஸ் சரிவு. எப்போது எது உருளும் என்று தெரியாத இடத்தில் ஓட்டுநர் உட்காராத புல்டோசர்களை இறக்கி, ரிமோட்டில் இயக்கி, மேலிருந்து கீழாக மண்ணைச் சீவினார்கள். 2026 ஜனவரியில் தடை நீங்கியது. முந்தைய சரிவுகளால் மூடிக் கிடந்த காலத்தையும் சேர்த்தால் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, கார்மெலில் கிளம்பிய வண்டி எங்கும் திரும்பாமல் தெற்கே கேம்ப்ரியா வரை போனது!